இரவல் அரண்

2024 செப்டெம்பரில் நமது தேசிய அணி கம்போடியாவைக் கடந்தது. அன்றிலிருந்து கால்பந்து பேசுகிற இடங்களிலெல்லாம் ஒரே பாட்டுத்தான்: பின்களப் பிரச்சினை தீர்ந்தது. புத்தளம் தேநீர்க் கடைகளிலும் இதே பேச்சு, பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களிலும் இதே பேச்சு. வெளிநாட்டுக் கழகங்களில் ஆடும் இலங்கை வம்சாவளி வீரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதே இனி வழி என்கிறார்கள். யாராவது முகம் சுளித்தால் மொரோக்கோவைக் காட்டுகிறார்கள்.

பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. 2019 ஒக்டோபரில் தென்கொரியாவிடம் எட்டுக் கோல் வாங்கிய நாடு, ஐந்து வருடங்களுக்குள் புனோம் பென்னில் கம்போடியாவைக் கோலடிக்க விடாமல் தொண்ணூறு நிமிடம் தாக்குப்பிடித்தது. பிறகு கொழும்பில் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போனது. அப்போது ஜேர்மனியின் டைனமோ டிரெஸ்டனில் ஆடிய கிளாடியோ கம்மர்க்னெக்ட் போன்ற ஒரு பின்கள வீரர் நமது சட்டையை அணிவார் என்று பத்து வருடங்களுக்கு முன் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். பட்டியலில் ஆதவன் ராஜமோகன் என்றொரு பெயரைப் பார்க்கையில் தமிழ் வாசகருக்கு வருகிற உள்ளக் குளிர்ச்சியும் பொய்யல்ல. எனக்கும் வந்தது.

ஆனால் இந்த வீரர்கள் எப்படி உருவானார்கள் என்று பார்த்தவர்கள் குறைவு. ஜாக் ஹிங்கர்ட்டை எடுத்துக்கொள்வோம். 1990இல் குவைத்தில் பிறந்தவர். அவுஸ்திரேலியாவில் அவரது முதல் தொழில்முறைக் கழகமான நோர்த் குவீன்ஸ்லாந்து ஃபியூரி 2011இல் மூடப்பட்டதும் பிரிஸ்பேன் ரோருக்கு வந்தார். நீண்ட காலம் அங்கேயே இருந்தார். 2012இலும் 2014இலும் அந்தக் கழகம் சாம்பியனானது. பெயரைச் சொன்னால் உலகம் திரும்பிப் பார்க்கும் ஆளில்லை. வலப்பக்கப் பின்கள வீரர், அவ்வளவுதான். கால்பந்து அங்கே முதலிடத்து ஆட்டமும் அல்ல. கையால் பந்தைக் குத்தி அனுப்பும் அவர்களது சொந்த ஆட்டம், ரக்பி, கிரிக்கெட் எல்லாம் போக மிஞ்சிய இடத்தில்தான் 2005இல் தொடங்கிய ஏ-லீக் நடக்கிறது. அப்படியிருந்தும் ஒரு பருவத்துக்கு இருபத்தாறு, இருபத்தேழு ஆட்டங்கள், தவறாமல்.

அதே பக்கம், அதே கழகம், பத்து வருடங்களுக்கு மேல். எதிரணியின் விங்கர் பந்தோடு வரும்போது நேரே பாயக் கூடாது. உடம்பைப் பாதி திருப்பி, அவனைக் கோட்டுப் பக்கம் ஒதுக்கி, உள்ளே வருகிற வழியை அடைக்க வேண்டும். அடைக்கும்போது தன் இடப்புறம் நிற்கும் மத்திய பின்கள வீரர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். இது பயிற்சிப் பட்டறையில் வருகிற அறிவல்ல. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தோற்றும் வென்றும் காலில் ஏறுவது.

இங்கேதான் எனது பழைய வழக்கு. முன்கள வீரனை இரவல் வாங்கலாம்; ஒரு கணம் போதும், கோல் விழுந்துவிடும். பின்களம் தனியாளின் திறமை அல்ல, நான்கு பேரின் பழக்கம். உடப்பில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்: அம்பாப் பாட்டின் அடிக்கு எல்லாக் கால்களும் ஒன்றாகப் பின்வாங்கினால்தான் வலை வரும், பலசாலி ஒருவன் தன் பாட்டுக்கு இழுத்தால் கயிறுதான் கோணும். பீஃபா விதிப்படி சர்வதேச ஆட்ட இடைவேளை திங்கட்கிழமை தொடங்குகிறது. கம்போடியாவுடன் முதல் ஆட்டம் வியாழக்கிழமை, செப்டெம்பர் 5. ஐரோப்பாவிலிருந்து பறந்து வருகிறவர் களைப்புத் தீரத் தூங்கி எழுந்தால், சேர்ந்து பயிற்சி செய்ய எத்தனை மாலைகள் மிச்சம்? அந்த மாலைகளில் ஓஃப்சைட் கோட்டை எப்போது உயர்த்துவது, யார் குரல் கொடுப்பது, எந்த மொழியில் கொடுப்பது என்பதெல்லாம் முடிவாக வேண்டும். புனோம் பென்னில் கோல் விழாதது வீரர்களின் பெருமை. அதை முறையின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் கொழும்பில் அதே கம்போடியா அதே பின்களத்தைத் தாண்டிக் கோலடித்ததை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

சரி, உள்ளூரில் பின்கள வீரர்கள் இல்லாததால்தானே வெளியே தேடுகிறோம் என்பார்கள். ஏன் இல்லை? எங்கள் புத்தளக் கரையையே பாருங்கள். வென்னப்புவவிலிருந்து கற்பிட்டி வரை பந்து உருளாத மாலை இல்லை. உருள்வது பெரும்பாலும் சுற்றுப்போட்டியில்: பெருநாளைக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, யாரோ ஒருவர் ஞாபகார்த்தமாக ஒன்று. அணிக்கு ஏழு பேர், விலகல் முறை, ஓஃப்சைட் பெரும்பாலும் கிடையாது. ஓஃப்சைட் இல்லாத ஆட்டத்தில் பின்களக் கோடு என்ற ஒன்றே இல்லை. தோற்றால் அன்றே வீடு. ஆகவே பின்னால் நிற்கிற பையனுக்கு வெளியிலிருந்து வருகிற ஒரே கட்டளை: "தூக்கி அடி மச்சான்!" அவனும் தூக்கி அடிக்கிறான். சோளகம் வீசுகிற மாதங்களில் கற்பிட்டி மைதானத்தில் அப்படி அடித்த பந்து பாதி வழியில் நின்று, திரும்பித் தன் தலைக்கே வரும். அது எங்கே இறங்கும் என்று கணிப்பதில் எங்கள் பையன்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. ஆனால் பந்தைக் காலில் நிறுத்தித் தலையை நிமிர்த்திப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்க அவர்களுக்கு யாரும் நேரம் தந்ததில்லை. கடைசியில் ஆட்டநாயகன் கிண்ணம் கோலடித்தவனுக்கு. பதினைந்து வயதில் கொஞ்சம் வேகமுள்ள எவனும் முன்னால் ஓடிப்போகிறான். பின்னால் மிஞ்சுகிறவன் உயரமானவன் அல்லது மெதுவானவன்.

இதை மாற்றுவது லீக் ஒன்றுதான். பதினொருவர் ஆட்டம், வாராவாரம், இரண்டு சுற்று, தோற்றாலும் அடுத்த வாரம் உண்டு. 2021இல் பத்துக் கழகங்களுடன் சுப்பர் லீக் தொடங்கியபோது வென்னப்புவவின் நியூ யங்ஸ் அதில் இருந்தது; இந்தக் கரைக்கும் ஒரு வாசல் திறந்தது என்று நம்பினோம். பிறகு நடந்தது தெரிந்த கதை. 2023 ஜனவரியில் பீஃபா தடை, ஓகஸ்டில் அதன் நீக்கம், இடையில் நிர்வாகச் சண்டை. ஒரு முன்கள வீரன் அந்த இடைவெளியைத் தெருவில் ஆடிச் சமாளிப்பான். பின்கள வீரனுக்கு அது தொழிலில் விழுந்த ஓட்டை. மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணியின் பின்களத்தைத் தாங்கியவர். தொழிலாக ஆட அவர் போக வேண்டியிருந்தது மாலைதீவுக்கு. 2022இல் அங்கேயே இறந்துபோனார். அவரைப் போன்றவர்கள் ஆடிச் சம்பாதிக்க ஒரு லீக்கை இங்கே நடத்தாத நாடுதான் இப்போது ஜேர்மனியிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த கால்களை வாங்கிப் போட்டுவிட்டுப் "பின்களம் தயார்" என்கிறது. இதற்குக் கொள்கை என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம். சோம்பல் என்றால் சரியாக இருக்கும்.

மொரோக்கோ விடயத்துக்கு வருவோம். 2022 உலகக் கிண்ணத்தில் அரையிறுதி கண்ட அந்த இருபத்தாறு பேரில் பதினான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், உண்மை. ஹக்கிமி மத்ரித்தில் பிறந்தவர். ஆனால் அதே பின்களத்தின் நடுவில் நின்ற நாயெஃப் அகெர்ட் கெனித்ராவில் பிறந்து, அந்நாட்டு மன்னரின் பெயரிலுள்ள கால்பந்துக் கல்விக்கூடத்தில் வளர்ந்தவர். அவர்கள் ஒரு கையால் அழைத்தார்கள், மறு கையால் வளர்த்தார்கள். நம்மவர்கள் முதல் கையை மட்டும் பார்த்துவிட்டு வந்து உதாரணம் சொல்கிறார்கள்.

ஹிங்கர்ட்டின் வயதை நினைத்தால் வலப்பக்கத்துக்கு அடுத்த ஆளைத் தேடும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருக்க வேண்டும். மெல்பேர்னில் தேடுவார்களோ மியூனிக்கில் தேடுவார்களோ, தேடட்டும். கால்பந்துச் சம்மேளனத்திடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை தேசிய அணிப் பட்டியலை வெளியிடும்போது ஒவ்வொரு பின்கள வீரரின் பெயருக்கும் எதிரே, கடந்த பன்னிரண்டு மாதங்களில் அவர் ஆடிய முழு லீக் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் போடுங்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் போடுங்கள், உள்ளூர்க்காரருக்கும் போடுங்கள். அதைப் பார்த்த பிறகு யாருக்குத் திறமை குறைவு என்று பேசலாம்.