யூக்ளிடின் சமதளம் காலாவதியாகி விட்டதா?

"சமதளம் என்றால் என்ன?" என்று கேட்டால், "அசைவற்ற நீரின் மேற்பரப்பு" என்று மாணவர் பலர் விடையளிப்பர். ஆசிரியர்களாகிய நாமும் பெரும்பாலும் அப்படித்தான் கற்பிக்கிறோம். அதே மாணவர்கள் பின்னர் ஐன்ஸ்டைனைப் பற்றிப் படித்துவிட்டு, "வெளி வளைந்தது என்று காட்டிவிட்டார்களே! அப்படியானால் யூக்ளிட் சொன்னது தவறுதானே?" என்கின்றனர். முன்னதும் பின்னதும் ஒரே பிழையின் இரு கிளைகள். சமதளத்தை உலகில் எங்கோ கிடக்கும் ஒரு பொருளாகக் கருதுவதே அப்பிழை.

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். செங்கற்பட்டு நகரை ஒட்டியுள்ள கொளவாய் ஏரி, காற்றில்லாத வேளையில் கண்ணாடி பதித்தாற்போல் தோன்றும். ஆனால் அமைதியான நீர்ப்பரப்பு புவியின் வளைவையே பின்பற்றுகிறது. நீர்மட்டத்தில் 2 கி.மீ. இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைப்பதாகக் கொள்வோம். அக்கோடு நடுவில் நீர்மட்டத்துக்குச் சுமார் 8 செ.மீ. கீழே செல்லும்! மாமல்லபுரம் கடற்கரையிலோ இவ்வளைவைக் கண்ணாலேயே காணலாம். நம் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் சுமார் 4.5 கி.மீ. தொலைவிலேயே முடிந்துவிடும். அதற்கப்பால் செல்லும் கப்பலின் அடிப்பகுதி முதலில் மறைவது இதனால்தான்.

இனி ஒரு முக்கோணத்தைப் பார்ப்போம். செங்கற்பட்டு, மாமல்லபுரம், பரங்கிமலை ஆகிய மூன்றும் அதன் முனைகள். பக்கங்கள் ஏறத்தாழ 24, 42, 43 கி.மீ.; பரப்பு சுமார் 490 சதுர கி.மீ. புவியைக் கோளமாகக் கொண்டு கணக்கிட்டால், இதன் கோணங்களின் கூடுதல் 180 பாகையைவிடச் சுமார் இரண்டரை விகலை மிகுதியாக இருக்கும். (ஒரு பாகைக்கு 3600 விகலை.)

அப்படியானால் பள்ளியில் கற்ற தேற்றம் பொய்த்துவிட்டதா? இல்லை. அதன் நிரூபணத்தை நினைவுகூருங்கள். முக்கோணத்தின் உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைகிறோம். அத்தகைய கோடு ஒன்றே ஒன்றுதான் உண்டு என்பது நிரூபிக்கப்பட்ட உண்மையன்று; நாம் ஏற்றுக்கொண்ட எடுகோள். கோளத்தின் மீது நேர்கோட்டின் இடத்தை வகிப்பவை பெருவட்டங்கள். எந்த இரு பெருவட்டங்களும் ஒன்றையொன்று வெட்டியே தீரும். அங்கு இணைகோடு என்பதே இல்லை. நிபந்தனை நிறைவேறாத இடத்தில் தேற்றத்தைக் குறை கூறுவது, உப்புப் போடாமல் சமைத்துவிட்டுச் சமையற்குறிப்பைப் பழிப்பது போன்றதாகும்.

யூக்ளிடிடம் குறையே இல்லை என்பதன்று. சமதளத்துக்கு அவர் தந்த வரையறை எந்த நிரூபணத்துக்கும் உதவுவதில்லை. அவருடைய முதல் தேற்றத்திலேயே, இரு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் என்பதைக் காரணம் கூறாமல் எடுத்துக்கொள்கிறார். 1899-இல் ஹில்பர்ட் இக்குறைகளைக் களைந்தார். புள்ளி, கோடு, தளம் ஆகியவற்றை அவர் வரையறுக்கவே இல்லை. அவற்றுக்கிடையே உள்ள தொடர்புகளை மட்டும் எடுகோள்களாகத் தந்தார். ஆனால் இணைகோட்டுக் கூற்றை நிரூபித்துவிட்டதாகப் பாவனை செய்யாமல், எடுகோளாகவே வைத்தது யூக்ளிடின் நுண்ணறிவு. அதை நிரூபிக்க இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பலர் முயன்று தோற்றனர். லோபசெவ்ஸ்கி 1829-லும் போல்யாய் 1832-லும் அந்த எடுகோளை மாற்றிப் புதிய வடிவ கணிதத்தை வெளியிட்டனர். யூக்ளிடின் கணிதம் முரண்பாடற்றது என்றால் புதியதும் முரண்பாடற்றதே என்று 1868-இல் பெல்ட்ராமி காட்டினார். இதில் ஒன்று வெல்லவுமில்லை, மற்றது தோற்கவுமில்லை.

பின், வளைந்த உலகில் சமதளத்துக்கு என்ன வேலை? இதற்கும் விடை நம் ஊருக்கு அருகிலேயே உண்டு. 1802-இல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அங்கிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாக இந்தியாவை அளக்கும் மாபெரும் பணி தொடங்கியது. இத்தகைய அளவீடுகளில் புவியின் வளைவைக் கணக்கில் கொள்ள 1787-லேயே லெழாந்தர் ஓர் எளிய வழி கூறியிருந்தார். கோணங்களின் மிகுதியை மூன்றாகப் பங்கிட்டு, ஒவ்வொரு கோணத்திலிருந்தும் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். பிறகு அது தட்டையான முக்கோணம் என்றே கணக்கிடுங்கள் என்பதே அவ்வழி. வளைவை அளக்கவும் சமதளமே துணை!

1854-இல் ரீமன் இக்கருத்தை விரிவாக்கினார். எவ்வளவு வளைந்த வெளியாயினும், மிகச் சிறிய பகுதியில் அது யூக்ளிடின் வெளியைப் போலவே நடந்துகொள்ளும் என்பது அவர் கணிதத்தின் அடிப்படை. 1915-இல் ஐன்ஸ்டைன் தம் ஈர்ப்புக் கொள்கையை இதன் மீதுதான் எழுப்பினார். வளைவு என்பதே, தட்டையான நிலையிலிருந்து எவ்வளவு விலகல் என்பதன் அளவுதானே? அளவுகோலையே தூக்கி எறிந்துவிட்டால் எதைக் கொண்டு அளப்பது?

ஆகவே ஆசிரியர்கள், ஏரி நீரையும் மேசைப் பலகையையும் காட்டியதோடு நின்றுவிடாமல், "இவை சாயல்களே, சமதளம் என்பது நாம் ஏற்கும் எடுகோள்களின் தொகுதி" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாணவ நண்பர்களே, அடுத்த முறை 180 பாகைத் தேற்றத்தை எழுதும்போது, இணைகோட்டு எடுகோள் நுழையும் வரியை அடிக்கோடிடுங்கள். மனப்பாடம் முடிந்து கணிதம் தொடங்குவது அந்த வரியில்தான்.