காக்கா ஆழி வழக்கில் யார் பொறுப்பு?

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் அடிச்சேற்றை ஒரு கறுப்புச் சிப்பி பாய் விரித்தாற்போல மூடிக் கிடக்கிறது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. நடு, தென் அமெரிக்கக் கரைகளுக்கு உரியது. 2014இல் பிலிப்பைன்ஸிலும் 2016இல் சிங்கப்பூரிலும் தென்பட்டது. பிறகு கொச்சிக் காயல், அஷ்டமுடி, இப்போது நம் ஊர். சேப்பாக்கத்தில் இயங்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு விவகாரம் போனபோது, காமராஜர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பேலஸ்ட் நீரையே மாநில ஈரநில ஆணையம் காரணமாகக் காட்டியது. சரக்கில்லாத கப்பல் நிலைகுலையாமலிருக்க அடித்தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும் கடல்நீர்தான் அது.

இழப்பைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. இந்தச் சிப்பி ஒவ்வொன்றும் மெல்லிய இழைகளைச் சுரந்து பக்கத்துச் சிப்பியோடும் சேற்றோடும் தன்னைக் கட்டிக்கொள்கிறது. காலை வைத்தால் புதைய வேண்டிய இடம் கரடுமுரடான தளமாகிவிடுகிறது. இறால் பகலில் ஒளிந்துகொள்ள மென்சேறு வேண்டும். அது போய்விட்டால் இறாலும் போய்விடும். வலையோ படகோ இல்லாமல் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு விழும் அடி இது. அவர்களில் பெண்களும் இருளர்களும் உண்டு. மஞ்சள் மட்டிப் படுகைகளும் இதன் அடியில் மூடுகின்றன.

பேலஸ்ட் நீர்தான் காரணம் என்ற வாதத்தை ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும். எண்ணூரில் உள்ள இந்தத் துறைமுகம் 2001இல் முதன்மையாக அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரிக்காகத் திறக்கப்பட்டது. நிலக்கரி ஏற்றிவரும் கப்பல் சரக்கோடு வருவதால் இங்கே கொட்ட அதனிடம் பேலஸ்ட் நீர் பெரிதாக இருக்காது. சரக்கை இறக்கிய பின் இங்கிருந்துதான் நீரை ஏற்றிக்கொண்டு போகும். கார் ஏற்றுமதி போன்ற சரக்குக்காக வரும் கப்பல்களின் கணக்கு வேறு. ஆகவே எந்தக் கப்பல், எங்கிருந்து, எத்தனை டன் நீரை இங்கே வெளியேற்றியது என்ற பதிவேடு இல்லாமல் இந்தக் குற்றச்சாட்டு பாதி வழிதான் போகும். இன்னொரு வழியும் இருக்கிறது: கப்பலின் அடிப்புறத்திலும் நீர் உறிஞ்சும் துவாரங்களிலும் ஒட்டிக்கொண்டு வளர்ந்த சிப்பியாகவே வருவது. என் கணிப்பில் எண்ணூருக்கு இதுவே கூடுதலாகப் பொருந்துகிறது. கொச்சியிலிருந்து உள்நாட்டுக் கலங்கள் மூலம் வந்திருக்கவும் இடமுண்டு.

அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும் ஏற்கனவே கெடுத்துவிட்ட ஆறு, அதனால்தான் சிப்பி பரவியது என்றும் சொல்லலாம். சிப்பி ஏன் இத்தனை எளிதாகத் தங்கியது என்பதற்கு அது விடையாகலாம். எப்படி வந்தது என்பதற்கு விடையாகாது.

அதற்காகத் துறைமுகத்தை விடுவித்துவிட முடியுமா? முடியாது. பேலஸ்ட் நீரில் வந்தாலும் கப்பல் அடியில் வந்தாலும் கதவு துறைமுகம்தான். வாலாஜா, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் மெய்ப்பிக்கும் சுமையைத் தொழில் நடத்துபவர்மேல் வைத்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும், ஆபத்தை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளையும் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. கப்பல் பதிவேடுகள் துறைமுகத்திடம் இருக்கின்றன, மீனவரிடம் இல்லை. தன்மேல் குற்றமில்லை என்று காட்ட வேண்டியது அவற்றை வைத்திருப்பவர்தான்.

மத்திய அரசுக்கும் இதில் பங்குண்டு. உலகளாவிய பேலஸ்ட் நீர் உடன்படிக்கை 2004இல் உருவாகி 2017 செப்டம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. அன்று சேர்ந்திருந்த நாடுகளில் இந்தியா இல்லை. இத்தனைக்கும் 2000த்தில் தொடங்கிய சர்வதேசப் பேலஸ்ட் நீர்த் திட்டத்தின் ஆறு முன்னோடித் துறைமுகங்களில் மும்பையும் ஒன்று. துறைமுக நீரில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும் முறை நமக்கு அப்போதே கைவந்தது. கப்பல் அடியில் ஒட்டும் உயிர்களுக்கோ உலக அளவில் இன்னும் வழிகாட்டு நெறிகள்தான் உண்டு, கட்டாயம் இல்லை.

சிப்பியை வாரி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் இதுபோன்ற ஓர் அயல் சிப்பியைக் குளோரினும் மயில்துத்தமும் கொட்டி முற்றாக ஒழித்தார்கள். அங்கே மதகுகளை மூடி நீரைத் தேக்க முடிந்தது. சிப்பியைச் சில மாதங்களிலேயே கண்டுகொண்டார்கள். கொசஸ்தலைக்கு மதகு இல்லை. இயந்திரம் விட்டு வாரினால் நம் மட்டியும் சேர்ந்து போகும், நீரில் மிதக்கும் குஞ்சுகள் மறுபடி வந்து ஒட்டும். வாருவதாயிருந்தால் இறால் பிடிக்கும் இடங்களில் மட்டும், மீனவர்களுக்கே கூலி கொடுத்து, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் அவர்கள் இழந்த வருமானத்தையும் துறைமுகம் ஏற்க வேண்டும். இதுவே என் முடிவு.

அடையாறு முகத்துவாரத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. வடகிழக்குப் பருவகாலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்புகிறது, எண்ணூரின் சிப்பிக் குஞ்சுகளை அது இங்கே கொண்டுவரக்கூடும். மணல்திட்டு உடைந்து அடையாறும் கூவமும் கடலுக்குத் திறக்கும் காலமும் அதுதான். வெள்ள நீரின் உப்புக் குறைவு குஞ்சுகளைத் தடுக்கலாம், ஆனால் இந்த இனம் உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாக்குப்பிடிப்பதில் பேர்போனது. சீனிவாசபுரத்துப் பக்கமும் ஊரூர்க் குப்பத்துப் பக்கமும் சில பலகைகளைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்து, ஒட்டியிருப்பது எது என்று எழுதிவைத்தால் போதும். தேசியப் பல்லுயிர் ஆணையம் தரமணியில்தான் இருக்கிறது. அங்கிருந்து இந்த முகத்துவாரத்துக்கு எட்டும் தூரம்தான்.