எலும்பை மறைக்காத சுவர்கள்

நியூசிலாந்தில் மனுகாவின் கிழக்கோரம், ஹோவிக்கில் இருக்கும் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் 1847இல் எழுந்தது. ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் படைவீரர்களை ஆக்லாந்துக்குக் காவலாகக் குடியமர்த்திய ஊர் அது. வடிவம் தந்தவர்கள் பேராயர் செல்வினும் கட்டடக் கலைஞர் ஃபிரெட்ரிக் தாட்சரும். செயின்ட் ஜான்ஸ் கல்லூரிப் பட்டறையில் மரத்தை அறுத்துச் சட்டங்களாக்கி, படகில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள்.

அவசரத்தில் முடித்த வேலை என்று நினைத்துவிட வேண்டாம். தாட்சரின் மர ஆலயங்களில் கூரை செங்குத்தாகச் சரியும். சன்னல்கள் ஒடுங்கி, மேலே கூர்ந்து நிற்கும். உள்ளே அண்ணாந்தால் கைமரங்கள் அத்தனையும் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒளிவின்மைதான். கல்லூரியின் சிற்றாலயத்தில் அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். சுவரைத் தாங்கும் சட்டங்களையும் சாய்வுச் சட்டங்களையும் வெளிப்புறத்திலேயே விட்டுவிட்டார். பலகை உள்ளே, எலும்பு வெளியே. கூரையின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைத் தச்சுவேலை தெரியாதவரும் விரலால் தொட்டுக்கொண்டே போகலாம்.

நெட்டுக்குத்தாகப் பலகை நிற்கும் இந்தச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள கிரீன்ஸ்டெட் ஆலயம் நினைவுக்கு வரும். ஆங்கிலோ-சாக்சன் மரபின் மரச்சுவர் இன்னும் நிற்கும் இடம். 11ஆம் நூற்றாண்டு வேலை. ஓக் மரங்களை நடுவே பிளந்து, உருண்ட முகம் வெளியே, தட்டை முகம் உள்ளே என்று வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். விளிம்பில் காடி எடுத்து, இரண்டு மரங்களுக்கு இடையே மெல்லிய ஓக் மரக் கீற்றைச் செருகி, காற்று புகாமல் அடைத்திருக்கிறார்கள். காட்டில் நின்ற மாதிரியே மரம் சுவரிலும் நிற்கிறது. அதன் நார் போகும் திசையிலேயே மழைநீர் வழிந்துவிடும். ஆனால் அடிப்பக்கம் ஈரம் ஏறி இற்றுப்போனது. 1848இல் அதை வெட்டியெடுத்துவிட்டு மரங்களைச் செங்கல் வரிசைமேல் ஏற்றினார்கள். ஹோவிக் ஆலயம் எழுந்த மறு வருடம்! ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. மரம் கையில் இருந்தால் நல்ல தச்சன் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அந்தக் கை கல்லுக்கு மாறினாலும் பழக்கம் விடாது. இங்கிலாந்தின் ஏர்ல்ஸ் பார்ட்டனில் உள்ள சாக்சன் கோபுரத்தில் மேலும் கீழும் ஓடும் கல்பட்டைகள் எனக்கு மரச்சட்டங்களாகவே படுகின்றன. மாமல்லபுரத்தில், வேய்ந்த குடிசையைப் போலவே கல்லில் செதுக்கிய திரௌபதி ரதத்தின் கூரையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

செல்வின் மனத்தில் முதலில் இருந்தது கல்தான். நியூசிலாந்துக்கு நார்மன் பாணியே பொருந்தும் என்று தேவாலயக் கட்டடக் கலையை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் கேம்டன் சங்கம் 1841இல் எழுதியது. தடித்த சுவரும் முரட்டுச் செதுக்கலும் பழகாத மாவோரிக் கைகளுக்கு எளிது என்பது அவர்கள் கணக்கு. நடந்தது வேறு. ஜட்ஜஸ் பே கரையில் எழுப்பிய கல் சிற்றாலயம் சில ஆண்டுகளிலேயே இடிந்து விழுந்தது. தாமாக்கியில் செயின்ட் தாமஸ் ஆலயத்தின் சாந்தில் உப்பேறி அது உதிர்ந்தது. இன்று மிச்சமிருப்பவை மொட்டைச் சுவர்கள். கடைசியில் மரமே செல்வினின் பாணி ஆகிவிட்டது.

மாங்கெரே பாலத்தருகே உள்ள செயின்ட் ஜேம்ஸ் ஆலயத்துக்கு அவசியம் போக வேண்டும். 1850களில் மாவோரி மக்களின் உழைப்பில், எரிமலைக் கல்லால் எழுந்தது. சிறியது, கனத்தது. ரோமானியக் கோட்டையின் கற்களை எடுத்து 7ஆம் நூற்றாண்டில் கட்டிய இங்கிலாந்தின் எஸ்கோம்ப் ஆலயத்துக்கு இந்த வட்டாரத்தில் ஓர் உறவு உண்டென்றால் அது இதுதான். பின்னாளில் முதல் மாவோரி அரசரான பொடாடாவ் தெ ஃபெரோஃபெரோவும் அவருடைய மக்களும் 1849 முதல் மாங்கெரேயில் குடியிருந்தார்கள். 1863 ஜூலையில், பிரிட்டிஷ் அரசிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யுங்கள் அல்லது தெற்கே வைகாட்டோவுக்குப் போய்விடுங்கள் என்று ஆளுநர் ஆணையிட்டார். பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போனார்கள். பேராயரின் கல் ஆலயங்கள் விழுந்துபோன வட்டாரத்தில், பழகாத கைகள் என்று கேம்டன் சங்கம் கணித்தவர்கள் எழுப்பிய சுவர் நின்றுவிட்டது.