சுவருக்கு அந்தப் பக்கம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணம் உப்பளத்தில் இறங்கி போட்டோ எடுப்பார்கள். அடுத்து வரும் அனுமந்தையைத் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுவார்கள். ஒருமுறை இறங்கி, இந்தக் கரையோரத்தில் சுனாமிக்கப்புறம் எழுந்த வீடுகளைப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26-ல் கடல் வந்தது. 2005 மார்ச்சில் தமிழக அரசு வீட்டுத் திட்டம் அறிவித்தது. 300 முதல் 325 சதுர அடி. சுமார் ஒன்றரை லட்சம் செலவு. கணவன், மனைவி இருவர் பேரிலும் பத்திரம். அந்த நேரத்தில் அது பெரிய காரியம். குறை சொன்னால் பாவம்.

ஆனால் இருபது வருஷம் ஓடிப்போச்சு. அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தைக்கு இன்றைக்குக் கல்யாண வயசு. வீடு மட்டும் அதே 325.

பக்கத்து வீட்டுக்காரர் பிழைப்புக்காக சென்னை போய்விட்டார் என்று வையுங்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. "அண்ணே, அதை எங்களுக்கே குடுத்துடுங்க, மவனும் மருமவளும் இருந்துக்குவாங்க" என்று கேட்கத் தோன்றாதா? கேட்கலாம். சட்டப்படி வாங்கத்தான் வழி குறுகல். அரசு கொடுக்கும் மனைகளில் 'இத்தனை வருஷம் விற்கக் கூடாது' என்று நிபந்தனை போடுவது வழக்கம். அப்புறம் என்ன நடக்கும்? முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம், ஒரு பவர் பத்திரம், சுவரில் ஒரு ஓட்டை. பவர் பத்திரத்தால் வீடு கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே சொல்லிவிட்டது. விற்றவரின் பிள்ளை நாளைக்கு வந்து "எங்கப்பா வீடு" என்று நின்றால், பணமும் போச்சு, சுவரும் போச்சு.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே நம் தமிழர்களும் குடியிருக்கும் அரசு அடுக்குமாடிகளில், ஒட்டியிருக்கும் சின்ன ஃபிளாட்டை வாங்கி இரண்டையும் ஒன்றாக்க முறையான திட்டமே இருக்கிறது. எந்தச் சுவரை இடிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பதற்கும் அனுமதி உண்டு. குடும்பம் பெருகும் என்பது அந்த அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது!

அவ்வளவு தூரம் போவானேன்? இந்தூர் பக்கத்தில் அரண்யா குடியிருப்பை வடிவமைத்த பி.வி.தோஷி, பல குடும்பங்களுக்கு அடித்தளம், கழிப்பறை என்று தொடக்கத்தை மட்டும் கொடுத்து, மிச்சத்தை அவர்களே வசதிப்படி கட்டிக்கொள்ள விட்டார். 1995-ல் ஆகா கான் விருது கிடைத்தது. வீடு என்பது முடிந்துபோன பொருள் இல்லை, வளர்கிற பொருள் என்று அவருக்குப் புரிந்தது. நம் திட்டங்களோ சாவி கொடுக்கும் விழாவோடு முடிந்துவிடுகின்றன.

"விற்க விட்டால் ரிசார்ட்காரன் வளைச்சுடுவான் சார்" என்பீர்கள். உண்மைதான். கடலைப் பார்த்த மனைக்கு என்ன விலை என்று இந்தச் சாலையில் போகிற எவருக்கும் தெரியும். நாலு விசைப்படகு வைத்திருப்பவர் ஒரு தெருவையே விழுங்கவும் கூடும். அதனால் தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரிசார்ட்காரனையும் பக்கத்து வீட்டுக்காரனையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள் என்கிறேன். அதே குப்பத்துக் குடும்பம், ஒட்டியிருக்கும் ஒரே ஒரு வீடு, நியாயமான விலை, பதிவு செய்த பத்திரம், இடிக்குமுன் ஒரு இன்ஜினீயரின் கையெழுத்து. இவ்வளவுதான் விதி. ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

எழுதாவிட்டால் என்ன? சுவர் எப்படியும் இடிபடும். ராத்திரியில், அனுமதி இல்லாமல், எது கூரையைத் தாங்குகிறது என்று தெரியாமல். அந்தக் கூரைக்கடியில் தூங்கப்போவது, கடலிடமிருந்து ஒருமுறை தப்பித்த குடும்பம்.