325-க்குப் பிறகு என்ன? லிடியனின் பியானோ பற்றி ஒரு குறிப்பு

2019-ல் அமெரிக்க சிபிஎஸ் தொலைக்காட்சியின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் பத்து லட்சம் டாலர் ஜெயிச்சப்ப அவனுக்கு வயசு 13. அவன் வாசிச்ச 'ஃப்ளைட் ஆஃப் த பம்பிள்பீ' வீடியோவை இந்த வாரம் திரும்பப் போட்டுக் கேட்டேன். முதலில் நிமிடத்துக்கு 208 பீட். அப்புறம் அதையே 325-ல்.

ஒரு பீட்டுக்கு நாலு ஸ்வரம். கணக்குப் போட்டால் நொடிக்கு 21-க்கு மேல். அந்த வேகத்தில் காது ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பிரிப்பதே கஷ்டம். ஒரே ரீங்காரமாகத்தான் விழும். வண்டைப் பற்றிய இசைதானே, பொருத்தம்தான் என்று முதலில் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த வண்டுக்கு ஒரு கதை இருக்கிறது. ரிம்ஸ்கி-கோர்சகோவின் ஓபராவில் (1900) பிரிந்துபோன அப்பாவைப் பார்க்க ஓர் இளவரசன் வண்டாக மாறிப் பறக்கிறான். 208-ல் அந்தத் தவிப்பு கொஞ்சமாவது கேட்கிறது. 325-ல் விரல் மட்டும்தான் மிச்சம். போட்டிக்கு அது போதும். பையனைக் குறை சொல்லவில்லை, மேடை கேட்டதை அவன் கொடுத்தான். அந்த எண்ணையே பியானோவின் அளவுகோலாக நாம் எடுத்துக்கொண்டதுதான் என் வருத்தம்.

போலந்துக்காரர் கிறிஸ்டியன் ஸிமர்மனும் இளம் வயதில் ஜெயித்தவர்தான். 1975-ல் வார்சாவின் ஷோப்பான் போட்டியில் முதல் பரிசு வாங்கியபோது வயது 18. அதற்குப் பிறகு அவர் வேகத்தைத் துரத்தவில்லை. கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டார். போகிற ஊருக்கெல்லாம் தன் பியானோவையே கொண்டுபோனார். ஷூபர்ட்டின் கடைசி இரண்டு சோனாட்டாக்களை அவர் ஒலித்தட்டாக வெளியிட்டது 2017-ல், 60 வயதில். அதற்கான கட்டைவரிசையையும் தானே செய்தார். பரிசு அவருக்கு வாசல்படி மட்டும்தான்.

லிடியனுக்கு இதைவிடக் கடினமான வேலை காத்திருக்கிறது. நான் இதை எழுதுவது மாகறலில். செய்யாற்றங்கரையில் இருக்கிற இந்தக் கோயிலுக்குச் சம்பந்தர் பாடிய பதிகத்தின் பண் சாதாரி. ஓதுவார்கள் பந்துவராளியில் பாடுவார்கள். அந்த ராகத்தின் ஏழு ஸ்வரத்துக்கும் பியானோவில் கட்டை உண்டு. ஆனால் ரிஷபத்தை அசைக்க முடியாது. அழுத்தினால் அழுத்தின இடத்திலேயே நிற்கும். இதே குறைக்காகத்தான் ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-லிருந்து முப்பது வருஷம் ஒதுக்கி வைத்தது.

வளையாத ஸ்வரத்தை உருக வைப்பது எப்படி? தொடுகிற கனத்தில், பெடலில், அடுத்த ஸ்வரத்துக்கு முன்னால் விடுகிற மௌனத்தில். இது எதுவும் மெட்ரோனோமில் ஏறாது. ஆனால் தமிழ் காதோடு வளர்ந்த ஒரு பியானோ கலைஞன் உலகத்துக்குப் புதுசாகச் சொல்ல ஏதாவது இருந்தால், அது இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

2024-ல் மோகன்லாலின் 'பரோஸ்' படத்துக்கு லிடியன் இசையமைத்தது நல்ல அடையாளம். வேகத்தைத் தாண்டி யோசிக்கிறவர் என்று தெரிகிறது. எனக்கு இன்னும் ஒரே ஒரு ஆசை பாக்கி. நிமிடத்துக்கு நாற்பது பீட்டில், கூட யாரும் இல்லாமல், ஒரு பந்துவராளி. அதை வாசித்துக்காட்டினால், 325-ஐ நானே மறந்துவிடுவேன்.