பெயர் தாங்கிய கலம்: செட்டிநாட்டுப் புழங்குபொருள்களும் பர்மா நினைவும்

ஆய்வுச் சுருக்கம்

கடல் கடந்து வாணிகம் செய்த செட்டிநாட்டுக் குடும்பங்களின் வீடுகளில் சேர்ந்த அயல்நாட்டுக் கலங்கள் இன்று பழம்பொருள்களாக விலைபேசப்படுகின்றன. இம்மதிப்பீடு கலத்தின் வயதையும் மூலப்பொருளையும் செய்த நாட்டையும் கருதுகிறது. அதில் வெட்டப்பட்ட பெயரையும் அது அழைக்கப்பட்ட பெயரையும் கருதுவதில்லை. வாழ்ந்த இடத்தின் நினைவு கலத்தைக் காட்டிலும் பெயரிடும் செயலிலேயே உறுதியாகத் தங்குகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கலம் எதையும் கொண்டுவர இயலாத பர்மாத் திரும்பியோரின் நினைவையும் உடன்வைத்து நோக்கும்போதே இவ்வாசிப்பு முழுமை பெறும் என்பதும் இங்கு வலியுறுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புழங்குபொருள், பெயர்ப்பொறிப்பு, செட்டிநாடு, பர்மா, பழம்பொருள், நினைவு

முன்னுரை

வீட்டில் அன்றாடம் கையாளப்பட்ட கலம், புழக்கத்திலிருந்து நீங்கிய பின்னும் எறியப்படாமல் பரணில் தங்குவதுண்டு. அவ்வாறு தங்குவதற்குக் காரணம் அதன் பயன் அன்று. அதனோடு ஒட்டியிருக்கும் ஓர் ஊரும் ஓர் ஆளுமே காரணம். புழங்குபொருள் பண்பாட்டை ஆராய்வோர் கலத்தின் வடிவம், செய்முறை, பயன்பாடு ஆகியவற்றை விரிவாகப் பதிவுசெய்துள்ளனர். கலம் எவ்வாறு ஓர் ஊரை நினைவூட்டுகிறது என்னும் வினா அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. அவ்வினாவைச் செட்டிநாட்டு வீடுகளையும் பர்மாவையும் முன்வைத்து இக்கட்டுரை அணுகுகிறது.

நிலம் நின்றது, கலம் வந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் நாட்டுக்கோட்டை நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா, சுமத்ரா முதலிய இடங்களில் வட்டித்தொழில் நடத்தினர். இவற்றுள் அவர்தம் முதலீடு மிகுதியாகக் குவிந்த நாடு பர்மா. கீழைப் பர்மாவின் நெல் வேளாண்மை விரிவடைந்ததில் அவர்கள் கொடுத்த கடனுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்கள் நாடியது வட்டியையே, நிலத்தை அன்று. ஆயினும் 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடன் திரும்பாத நிலையில், ஈடாக வைக்கப்பட்ட நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழைப் பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்தம் உடைமை, 1937-இல் ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது.

இந்நிலை நீடிக்கவில்லை. 1942-இல் சப்பானியப் படையெடுப்பால் இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. கணக்கேடுகளில் மிகப் பெரிய உடைமையாக இருந்த நிலம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு முன்பே கப்பலேறி வந்து சேர்ந்திருந்த தேக்குத் தூண்களும் அரக்குப் பெட்டிகளும் பீங்கான் ஜாடிகளும் எனாமல் அடுக்குகளும் வளவிலும் இரண்டாங்கட்டு அறைகளிலும் எஞ்சின. செல்வத்தின் அடையாளமாக வந்தவை, இழந்த ஊரின் எச்சமாக மாறின. பொருள் மாறவில்லை, அது சுட்டும் பொருள் மாறியது. இம்மாற்றத்தைக் கலத்தின் வடிவத்தை மட்டும் நோக்கி அறிய இயலாது.

ஊர்ப்பெயரைச் சுமக்கும் கலங்கள்

கலம் ஊரை நினைவூட்டும் முதல் வழி அதன் பெயர். இதற்கு மிகத் தெளிவான சான்று பர்மாவிலிருந்தே கிடைக்கிறது. தான்லுவின் ஆற்றின் முகத்துவாரத்தில், மௌல்மேன் நகருக்கு எதிர்க்கரையில் உள்ளது மொத்தமா என்னும் துறைமுகம். பழைய வணிகர்கள் இதனை மார்த்தபான் என்றனர். இத்துறைமுகத்தின் வழியாக ஏற்றுமதியான மெருகிட்ட பெரிய ஜாடிகள் இந்தியப் பெருங்கடல் முழுவதும் அவ்வூரின் பெயராலேயே அறியப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டுப் பயணியான இபின் பதூதா, இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் ஊறவைக்கப்பட்ட மார்த்தபான் ஜாடிகளைக் குறிப்பிடுகிறார். இந்தியிலும் உருதுவிலும் ஊறுகாய் ஜாடிக்கு இன்றும் மர்த்தபான் என்பதே பெயர். ஊறுகாய் எடுக்கும் கைக்கு அவ்வூர் தெரியாது. வாய்க்கு மட்டும் அதன் பெயர் தெரியும்.

தமிழிலும் இத்தகைய பெயர்கள் உண்டு. சீனச்சட்டி என்பதில் நாட்டின் பெயர் வெளிப்படையாக நிற்கிறது. பீங்கான் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். மங்கு என்னும் சொல்லை, கிண்ணத்தைக் குறிக்கும் மங்குக் என்னும் மலாய்ச் சொல்லோடு ஒப்புநோக்கலாம். பர்மாத் தேக்கு என்னும் தொடரில் மரத்தின் தரமும் அது வந்த நாடும் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளன. ஒரு குடும்பம் ஒரு நாட்டை விட்டு நீங்கிய பின்னும், அந்நாட்டின் பெயர் சமையற்கட்டிலும் பரணிலும் அன்றாடம் ஒலித்துக்கொண்டிருக்க இத்தகைய பெயர்களே வழிசெய்தன.

ஆட்பெயரைச் சுமக்கும் கலங்கள்

இரண்டாவது வழி, கலத்தில் ஆளின் பெயரைப் பொறித்தல். இது தமிழரிடையே மிகத் தொன்மையான வழக்கம். கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த பானையோடுகளில் தமிழ்-பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. ஆதன் என்னும் பெயர் கீழடியில் காணப்படுகிறது. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் உள்ளன. அங்குக் கிடைத்த மற்றோர் ஓட்டில் உள்ள ‘பானை ஒறி’ என்னும் தொடரை, உறியில் தொங்கும் பானையைக் குறிப்பதாக ஐராவதம் மகாதேவன் விளக்கினார். அயலூரில் தங்கிய ஒருவர் தம் பானையைத் தம் மொழியில், தம் எழுத்தில் அடையாளப்படுத்திய செயல் அது.

இன்றும் பாத்திரக் கடையில் பித்தளை, எவர்சில்வர் பாத்திரம் வாங்குவோர் அங்கேயே பெயர் வெட்டி வாங்குகின்றனர். கொடுத்தவர் பெயர், பெறுபவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றுள் சிலவோ பலவோ அதில் இடம்பெறும். செட்டிநாட்டு வீடுகளில் பாட்டன், தந்தை வழிவரும் முதலெழுத்துகளாலான விலாசம் பாத்திரத்திலும் வெட்டப்பட்டது. திருமணச் சீர்ப்பொருள்களைப் பலரும் காணப் பரப்பிவைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. எனவே இப்பெயர்ப்பொறிப்பு உடைமையையும் தகுதியையும் அறிவிக்கும் செயல் என்பது மறுக்க இயலாதது. ஆனால் அது உடைமையோடு நின்றுவிடுவதில்லை. பெண் பிறந்தகத்திலிருந்து கொண்டுசென்ற பாத்திரத்தில் உள்ள எழுத்து, அவள் விட்டுவந்த வீட்டின் எழுத்து. புகுந்த வீட்டில் அதை நாள்தோறும் துலக்குகையில் அவள் விரல் அவ்வெழுத்தின்மீது படும். உடைமைக் குறியாக வெட்டப்பட்ட பெயர், புழக்கத்தில் நினைவுக் குறியாகிறது.

பழம்பொருள் என்னும் பெயர்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகள் பலரும் அறிந்தவை. ஒரு வீட்டிற்குப் பங்காளிகள் பலர் உரிமையாளராக இருப்பதும், அவர்கள் வெவ்வேறு ஊர்களில் வாழ்வதும், பராமரிப்புச் செலவும் கூடி, வீட்டுப் பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. அத்தெருவில் ஒரு பித்தளைத் தவலையைக் காண நேர்ந்தது. அதன் கழுத்தில் நான்கு முதலெழுத்துகளும் ஒரு பெண்ணின் பெயரும் வெட்டப்பட்டிருந்தன. விலை கேட்டபோது கடைக்காரர் அதன் எடையையும் பழமையையும் சொன்னார். பெயரைப் பற்றிக் கேட்டதற்கு, விரும்பினால் தேய்த்துத் தருவதாகக் கூறினார். அவர் மறுமொழியில் தவறேதும் இல்லை. வாங்குவோர் விருப்பத்தையே அவர் கூறினார். வாங்கும் வீட்டிற்கு அப்பெயர் ஒரு கறை.

இங்குதான் சேகரிப்புப் பண்பாட்டின் மீதான திறனாய்வு தேவைப்படுகிறது. ‘பழம்பொருள்’ என்பதும் ஒரு பெயரிடலே. அது முன்னைய பெயர்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு அமர்கிறது. இன்னார் மகளுக்குக் கொடுத்த தவலை, இன்ன ஊரிலிருந்து வந்த ஜாடி என்பன மறைந்து, ‘செட்டிநாட்டுப் பொருள்’ என்னும் பொதுப்பெயர் மிஞ்சுகிறது. அரக்குப் பெட்டி பர்மாவில் செய்யப்பட்டது என்னும் செய்தி கூட விலையை உயர்த்தும் அளவிற்கே பயன்படுகிறது. அது எந்தக் கைகள் வழியாக, எந்த வாழ்க்கையின் பகுதியாக வந்தது என்பது கேட்கப்படுவதில்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. வீட்டைக் காக்கும் முயற்சி வரவேற்கத்தக்கது. ஆயினும் சுவரும் தூணும் காக்கப்பட்டு, உள்ளிருந்த கலங்கள் பெயரிழந்து பிரிந்து போகுமாயின், காக்கப்படுவது வீட்டின் உருவம் மட்டுமே.

இச்சேகரிப்பு மற்றொன்றையும் மறைக்கிறது. செட்டிநாட்டு அறையில் அழகுப்பொருளாக நிற்கும் பர்மாக் கலம் ஒரு பக்க நினைவையே சொல்கிறது. கடனுக்கு நிலத்தை இழந்த பர்மிய உழவர் குடும்பத்தின் நினைவில் அதே காலம் வேறு வகையில் பதிந்திருக்கும். இழப்பின் நினைவாகக் கலத்தைப் போற்றும்போது, நமக்கு முன்பே அங்கு ஒருவர் இழந்திருந்தார் என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

கலம் இல்லாதோர் நினைவு

பர்மாவில் வாழ்ந்த தமிழர் அனைவரும் வட்டிக்கடை நடத்தியவர் அல்லர். வயலிலும் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தோரும் சிறு வணிகரும் அவர்களுள் மிகுதி. 1962-இல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் கடைகளும் வங்கிகளும் நாட்டுடைமையாயின. 1964-இல் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதனவாக்கப்பட்டன. திரும்பியோர் பணமும் நகையும் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. இவர்களுக்குப் பரணில் ஏற்றிவைக்க ஜாடி இல்லை. நினைவு கலத்தில்தான் உறைகிறது என்று கொண்டால், இவர்களுக்கு நினைவே இல்லை என்றாகிவிடும். சேகரிப்பை மட்டும் நம்பும் ஆய்வு வசதி படைத்தோரின் நினைவையே வரலாறாகக் கொள்ளும் இடர் இங்குள்ளது.

ஆனால் இவர்களும் பெயரிட்டனர். சென்னைக் கடற்கரை நிலையத்தின் எதிரில் 1969-இல் உருவான கடைவரிசை பர்மா பஜார் ஆயிற்று. தமிழகத்தின் பல ஊர்களில் பர்மா காலனிகள் எழுந்தன. அத்தோ, மொயிங்கா என்னும் பர்மிய உணவுப்பெயர்கள் வடசென்னைத் தெருக்களில் தமிழ்ச்சொற்களாயின. கலத்தில் ஊர்ப்பெயரை ஏற்ற இயலாதவர்கள், வந்து சேர்ந்த இடத்தின்மீதே அப்பெயரை ஏற்றினர். பழம்பொருள் தெருவும் பர்மா காலனியும் காரைக்குடி என்னும் ஒரே ஊரில் உள்ளன என்பது எண்ணத்தக்கது. முன்னதில் பெயர் தேய்க்கப்படுகிறது; பின்னதில் பெயர் மட்டுமே உள்ளது.

இலக்கியமும் இதற்குச் சான்று தருகிறது. பர்மாவைப் போலச் சுமத்ராவும் செட்டிநாட்டு வட்டிக்கடைகள் இயங்கிய இடம். அங்குள்ள மேடானில் பணிபுரிந்த ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ (1972), போர்க்கால மேடானையும் பினாங்கையும் களமாகக் கொண்டது. அதன் நாயகன் பாண்டியன் தன் ஊரை நினைவுகூரும்போது அவன் கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள் எதுவும் தேவைப்படுவதில்லை. தெருக்கள், கடைகள், ஆட்கள் எனப் பெயர்களை அடுக்கியே சின்னமங்கலமும் மதுரையும் எழுப்பப்படுகின்றன. உடைமை இல்லாதவனின் பரண், அவன் நாவில் நிற்கும் பெயர்ப்பட்டியலே.

முடிவுரை

மார்த்தபான் ஜாடியில் ஊரின் பெயரும், பானையோட்டிலும் பித்தளைத் தவலையிலும் ஆளின் பெயரும், பர்மா காலனியில் இழந்த நாட்டின் பெயரும் தங்கியுள்ளன. இவை அனைத்திலும் நினைவைக் காப்பது பெயரே. கலம் அப்பெயருக்குக் கிடைத்த இடங்களுள் ஒன்று. எனவே புழங்குபொருள்களை ஆவணப்படுத்துவோர் அளவு, உலோகம், வயது ஆகியவற்றோடு, வெட்டப்பட்ட எழுத்துகளையும் குடும்பத்தினர் அதனை அழைத்த பெயரையும் பதிவுசெய்தல் வேண்டும். அழைத்த பெயரை அறிந்த மூத்தோர் குறைந்துவரும் இக்காலத்தில் இப்பணி காலந்தாழ்த்தற்குரியது அன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கீறப்பட்ட ஒரு பெயருக்காக ஓர் உடைந்த ஓட்டைப் போற்றிக் காக்கும் நாம், நேற்று வெட்டிய பெயரைத் தேய்க்க இசைவது முரணாகும்.