மறைத்த முகத்தின் பாரம்: உனமுனோவின் குறுநாவல் ஒன்று

ஸ்பானியச் சிந்தனையாளர் மிகேல் தே உனமுனோ (1864–1936) 1931-இல் வெளியிட்ட ‘புனித மானுவேல் புவேனோ, இரத்தசாட்சி’ என்னும் குறுநாவல், திருப்பணியாளர் அனைவரும் படிக்கத்தக்கதாகும். ஏரியும் மலையும் சூழ்ந்த சிற்றூரின் குருவானவர் டான் மானுவேல். ஊரார் அவரைப் பரிசுத்தவானாகப் போற்றுகின்றனர்; அவர் மறைந்தபின் அருளாளர் பட்டத்திற்கான முயற்சியைப் பேராயரும் தொடங்குகிறார். அவருக்கோ மறுமையில் நம்பிக்கை இல்லை. எளியோரின் ஆறுதல் குலையலாகாது என்பதற்காகவே விசுவாசியாகத் தம்மைக் காட்டிக்கொண்டு வாழ்ந்து மடிகிறார். தாம் நம்பாததற்கே உயிருள்ளவரை சாட்சி பகர்ந்தவரை இரத்தசாட்சி என்பது ஆசிரியரின் கசப்பான நயம்.

இவ்வேடத்தின் விலையை உனமுனோ சில செயல்களாலேயே காட்டுகிறார். சபையார் ஒருமித்து விசுவாசப்பிரமாணம் சொல்லுகையில், சரீர உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் வரும் இடத்தில் குருவின் குரல் மட்டும் மக்களின் குரலில் அமிழ்ந்துபோகிறது. அவர் ஏழைக்கு விறகு பிளக்கிறார். மருத்துவருடன் நோயாளியிடம் செல்கிறார். இளைஞரின் நடனத்திற்கு மேளமும் கொட்டுகிறார். அன்பின் மிகுதி என்று ஊர் இதைக் கொள்கிறது. அன்பும் உண்டுதான், ஆயினும் அதன் அடியில் தனிமையைக் குறித்த அச்சம் இருக்கிறது. தனித்திருந்தால் தம்மைத் தாமே சந்திக்க நேரிடும். ஏரியின் அமைதியான நீர் தம்மைத் தற்கொலைக்கு ஈர்ப்பதை, அமெரிக்காவிலிருந்து திரும்பிய அவிசுவாசியான லாசரோ என்னும் நண்பனிடம் மட்டுமே அவர் வெளியிடுகிறார். (நம்மிடையே ‘ஓயாத ஊழியர்’ என்பது இன்றும் புகழ்மொழியே.)

அவர் மறைத்தது தகுமா என்றே திறனாய்வாளர் பலரும் வாதிடுவர். அதனினும் முக்கியமாக எனக்குத் தோன்றும் வினா வேறு: ஊராரின் பாவ அறிக்கையையெல்லாம் கேட்கும் இவருடைய அறிக்கையைக் கேட்பார் யார்? லாசரோவின் தங்கையும் இவ்வரலாற்றை எழுதுபவளுமாகிய ஆஞ்செலா ஒருநாள் அறிக்கை செய்ய வருகிறாள். அவளிடம், ஊராரின் பெயரால் தமக்கு மன்னிப்பளிக்கும்படி அவரே வேண்டுகிறார். பக்தர்களாக மட்டும் கூடும் சபையில் தன்னைப் பாவியெனக் காட்ட ஒருவரும் துணியார் என்று போன்ஹோஃபர் 1939-இல் எழுதியதை இங்கு நினைக்கலாம். நம் சீர்திருத்தத் திருச்சபைகள் அறிக்கைக் கூண்டை அகற்றியபோது, கேட்கும் செவியையும் பெரும்பாலும் அகற்றிவிட்டன.

ஊரார் உண்மையைத் தாங்கமாட்டார் என்னும் குருவின் துணிபை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கதையே அதை மறுக்கிறது. பெரிய வெள்ளியன்று, சிலுவையில் கைவிடப்பட்டவரின் கூக்குரலை அவர் ஆலயத்தில் எழுப்புகிறார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் நடிக்க வேண்டியதில்லை. வேடமும் முகமும் அங்கே ஒன்றாகின்றன. கேட்டவர் எவரும் விசுவாசத்தை இழக்கவில்லை; ஏரிநீர் போல் நடுங்கி அழுகின்றனர். ஒருமுறை கூட்டத்தின் நடுவிலிருந்த அவருடைய தாய், மகனே என்று கதறிவிட்டாள். அக்கதறல் வியாகுல மாதாவின் சுரூபத்திலிருந்தே எழுந்ததுபோல் இருந்தது என எழுதுகிறாள் ஆஞ்செலா.